சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்காத போதை

பென்னாகரம் பக்கம் இருக்கும் என் அக்கா மகனுக்கு 16 வயது. கண் சிவந்து, சாப்பாடு குறைந்து, மாலையானால் பேச்சு குழறியது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அப்புறம் கஞ்சாவோ என்று பயந்து சிறுநீர்ப் பரிசோதனை செய்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. அதை நம்பி 9 நாளை வீணடித்தோம்.

விடை அவன் கைக்குட்டையில் இருந்தது. துவைக்கும்போது ஒரு மூலை மட்டும் மஞ்சளாக, அப்பளம் போல விறைத்து, தண்ணீரில் ஊறாமல் நின்றது. முகர்ந்தால் பஞ்சர் கடை வாசனை. வாயைச் சுற்றி வந்த பொரிப்பொரியான புண்களை வயசுப் பருக்கள் என்று விட்டிருந்தோம். பஞ்சர் ஒட்டும் பசையான சொல்யூஷனைக் கைக்குட்டையில் ஊற்றி முகர்ந்திருக்கிறான். அதில் இருக்கும் டொலுயீன் என்ற ரசாயனம் வழக்கமான போதைப் பரிசோதனையில் தெரியாது என்று மனநல மருத்துவர் சொன்னார்.

முதலில் பார்த்த போதை மீட்பு மையத்தில் பெரியவர்களோடு ஒரே அறை என்றார்கள். திரும்பிவிட்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழானவர்களைத் தனியாக வைக்க வேண்டும், துணைக்கு ஒருவரும் இருக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டே சேருங்கள். போதை மீட்பு உதவிக்கான இலவச எண் 14446-ல் விசாரித்து வேறு மையம் கிடைத்தது. அக்கா கூடவே தங்கினாள்.

முதல் வாரம் தலைவலி, எரிச்சல், தூக்கமில்லை. 12-ம் நாள் அவனாகவே சொன்னான்: "பஞ்சர் கடை வழியாத்தான் ஸ்கூலுக்குப் போகணும், மாமா. அதான் பயமா இருக்கு."

ஆலோசகர் அவனையே ஒரு தாளில் வேறு வழி வரையச் சொன்னார். ஏரிக்கரையைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல். 6 வாரமாக அந்த வழிதான். காலையில் நானும் கூடப் போகிறேன்.