விறகு அடுப்புலருந்து கேஸுக்கு மாறுறவங்களுக்கு

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்துல இன்னும் சில வீட்ல ரப்பர் கட்டையில தான் சமைக்கிறாங்க, கேட்டா கேஸ் வெடிச்சிடும்னு பயம். அந்தப் பயம் எனக்குப் புரியுது, ஆனா அந்தப் புகையை தினமும் மூச்சுல இழுக்கிறது பாட்டியும் சின்னப் புள்ளைங்களும் தான், அதை நினைச்சா மனசு கேக்கல. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020ல மட்டும் வீட்டுப் புகையால சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்காங்க.

செலவுன்னு பாத்தா, வீட்டு கேஸுக்கு அரசாங்கத்தோட கண்ட்ரோல் விலை கிலோ 1 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு, 14 கிலோ தோங் (கேஸ் சிலிண்டர்) 26 வெள்ளி 60 காசு, வீட்டுக்குக் கொண்டு வர்ற கூலி தனி.

இந்த கேஸ் காத்தை விட கனம், லீக் ஆச்சுன்னா மேல போகாது, தரையோட தரையா தேங்கி நிக்கும், அதனால தோங்கை மூடுன அலமாரிக்குள்ள வைக்காம காத்து போற எடத்துல நிமித்தி வைங்க. தீரப் போகுதுன்னு சிலர் படுக்க வச்சு எரிப்பாங்க, தயவுசெஞ்சு வேணாம், உள்ள இருக்கிற திரவம் அப்படியே குழாய்க்குள்ள வந்துடும். புது தோங் மாட்டுனதும் ரெகுலேட்டர்லயும் ரப்பர் குழாய்லயும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்க, முட்டை முட்டையா வந்தா லீக். நெருப்புக்குச்சி கொளுத்திப் பாக்கவே கூடாது. குழாய்ல வெடிப்பு தெரிஞ்சா டேப் சுத்தாம உடனே மாத்துங்க.

கேஸ் நாத்தம் வந்தா லைட்டு, ஃபேன் சுவிட்சைத் தொடாதீங்க, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிட்டு கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரும் வெளிய வந்து, அப்புறம் அவசர நம்பர் 999க்கு அடிங்க.