டூம்ஸ்டே ஏட்டின் வழியே வெற்றியாளர் வில்லியமை அறிவது எப்படி?

இன்றைய பிரான்சின் வடக்கிலுள்ள நார்மண்டியின் கோமகனாக இருந்து இங்கிலாந்தின் அரசரான முதலாம் வில்லியமைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களில் பலர், 1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸில் நடந்த போரையும் அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த முடிசூட்டு விழாவையும் தெரிந்துகொண்டு அத்தோடு நின்றுவிடுகிறார்கள். போர் ஒரே பகலில் முடிந்துவிட்டது. நாட்டின் நிலம் ஏறத்தாழ முழுவதும் ஆங்கிலேயர்களிடமிருந்து நார்மன்களிடம் கைமாறி முடியத்தான் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கைமாற்றத்தை ஊர் ஊராகக் காட்டும் ஆவணம், வில்லியமே எழுதச் செய்த டூம்ஸ்டே ஏடு. அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை அறிய இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. லத்தீன் தெரியாதவர்களும் சில அடிப்படைகளைப் பழகிக்கொண்டால் இதை வாசித்துவிடலாம்.

முதலில், இந்த ஏடு ஏன் பிறந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 1085-இல் டென்மார்க் அரசர் படையெடுத்து வருவார் என்ற அச்சம் எழுந்தது. வில்லியம் கடல் கடந்து பெருங்கூலிப்படையைக் கொண்டுவந்து, அதற்குச் சோறு போடும் பொறுப்பை நிலவுடைமையாளர்கள் தலையில் சுமத்தினார். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, எவ்வளவு வரி வாங்கலாம் என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை அப்போது தேவைப்பட்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸின்போது குளோஸ்டரில் கூடிய அவையில் கணக்கெடுப்புக்கு ஆணை பிறந்து, 1086-இல் அலுவலர்கள் மாவட்டம் மாவட்டமாகச் சென்றார்கள். ஒரு மாடு, ஒரு பன்றிகூட விடுபடாமல் எழுதப்பட்டதாகவும், அதைச் சொல்லவே வெட்கமாக இருப்பதாகவும் அக்காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

மூல ஏடுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ‘ஓப்பன் டூம்ஸ்டே’ என்ற இலவச இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் பக்கத்தின் படத்தையும் எண்களின் சுருக்கத்தையும் பார்க்கலாம். தேடத் தொடங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: லண்டன், வின்செஸ்டர் நகரங்களின் கணக்கு இதில் எழுதப்படவில்லை; வடகோடியிலுள்ள டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளும் இதில் இல்லை. எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் மூன்றும் ‘சிறிய டூம்ஸ்டே’ எனப்படும் தனித் தொகுதியில் கூடுதல் விவரங்களோடு உள்ளன.

ஏட்டைத் திறந்ததும் அதன் வரிசைமுறையைப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் முதலில் அரசரின் நிலம், அடுத்து ஆயர்கள், மடங்கள், அதன் பின் பிரபுக்கள் என உடைமையாளர் வாரியாக அது எழுதப்பட்டிருக்கிறது. அதனால் ஒரே ஊர் இரண்டு மூன்று இடங்களில் துண்டு துண்டாக வரலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊரின் முழுக் கணக்கு கிடைக்கும். நிலம் அனைத்தும் அரசருடையது, மற்றவர்கள் அவரிடமிருந்து பெற்று அனுபவிப்பவர்கள் என்ற வில்லியமின் கொள்கை இந்த வரிசையிலேயே தெரிகிறது.

அடுத்து அளவுகள். ‘ஹைடு’ என்பது வரி விதிப்பதற்கான அலகு. பொதுவாக 120 ஏக்கர் என்று சொல்லப்பட்டாலும் அதை நிலப்பரப்பாகக் கொண்டு கணக்குப் போடக் கூடாது. ‘ஏர்’ என்று வரும் இடத்தில் இரண்டு மாடு பூட்டிய ஏரை நினைத்துவிடாதீர்கள். இங்கு ஓர் ஏருக்கு எட்டு எருதுகள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்.

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். பதிவுகளில் ‘எட்வர்டு அரசரின் காலத்தில்’ என்ற லத்தீன் தொடர் மூன்று எழுத்துச் சுருக்கமாகத் திரும்பத் திரும்ப வரும். 1066 ஜனவரியில் அன்றைய இங்கிலாந்து அரசர் எட்வர்டு இறக்கும் வரையிலான நிலையை அது குறிக்கிறது. அதன் பக்கத்திலேயே 1086-இன் நிலை இருக்கும். சில இடங்களில் நிலம் புதியவர் கைக்கு வந்தபோதிருந்த மதிப்பும் இருக்கும். இந்த எண்களை அடுத்தடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்துக்கு அருகிலுள்ள கிரோஹர்ஸ்ட் என்ற ஊரை எடுத்துக்கொண்டால், எட்வர்டு காலத்தில் அதன் மதிப்பு 8 பவுண்டு. பிறகு அது பாழாக்கப்பட்டது என்ற குறிப்பு. 1086-இல் 100 ஷில்லிங், அதாவது 5 பவுண்டு. இருபது ஆண்டுகள் கழிந்தும் ஊர் பழைய நிலைக்கு எழவில்லை.

அந்தப் பதிவில் முன்னாள் உடைமையாளர் பெயரையும் கவனியுங்கள்: ஹெரால்டு பிரபு. எட்வர்டுக்குப் பின் ஒன்பது மாதங்கள் முடி சூடி ஆண்டு, வில்லியமை எதிர்த்து ஹேஸ்டிங்ஸில் உயிர்விட்டவர் அவர். ஆயினும் டூம்ஸ்டே எழுத்தர்கள் அவரை அரசர் என்று எழுதுவதைத் தவிர்த்தார்கள். எட்வர்டுக்குப் பின் முறையான வாரிசு வில்லியமே என்பது நார்மன்களின் வாதம்; அதன்படி இடையிலிருந்த ஆட்சி சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. ஓர் அரசரின் ஆட்சிக்காலத்தையே கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கிவிட்ட ‘பிரபு’ என்ற இந்த ஒற்றைச் சொல்லை, ஹெரால்டின் பெயர் வரும் ஒவ்வொரு பதிவிலும் தேடிப் பாருங்கள்.

யார்க்ஷயர் பக்கங்களில் ‘பாழ்’ என்ற சொல் வரிக்கு வரி வருகிறது. 1069–70 குளிர்காலத்தில், வடக்கின் கிளர்ச்சியை அடக்க வில்லியமின் படை ஊர்களையும் தானியங்களையும் எரித்ததன் தழும்பு பெருமளவுக்கு அது. ஆனால் வரி வராத நிலத்தையும் எழுத்தர்கள் சில நேரம் அப்படிக் குறித்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். ஒரு பதிவை மட்டும் நம்பாமல், சுற்றியுள்ள ஊர்களின் ஏர்களையும் குடிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வருவது நல்லது.

கடைசியாக, மனிதர்களைப் பாருங்கள். குடியானவர்கள், சிறுகுடிகள், அடிமைகள் என்று எண்ணிக்கைகள் மட்டுமே இருக்கும். பெயர்கள் உடைமையாளர்களுக்கே உரியவை. 1086-இல் அரசரிடமிருந்து நேரடியாகப் பெருநிலம் பெற்றிருந்த ஆங்கிலேயர்கள் என்று இருவரைத்தான் சொல்ல முடியும்: ஆர்டனின் தார்கெல், லிங்கனின் கோல்ஸ்வெய்ன். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்குப் பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள மார்ஷ் கிப்பன் ஊரின் பதிவைத் தேடி எடுங்கள். அய்ல்ரிக் என்பவர் அங்கே 4 ஹைடு நிலத்தை எட்வர்டு காலத்தில் தாமே வைத்திருந்தார். 1086-இல் அதே நிலத்தை, அன்ஸ்கல்ஃபின் மகன் வில்லியம் என்ற நார்மன் பிரபுவிடமிருந்து குத்தகைக்குப் பெற்று உழுகிறார். பெரும்பாலும் எண்களையே எழுதிச் செல்லும் எழுத்தர் இங்கு இரண்டு லத்தீன் சொற்களைச் சேர்த்திருக்கிறார். ‘பெருஞ்சுமையோடும் அவலத்தோடும்’ என்பது அவற்றின் பொருள்.