மைக்கா ஒட்டிய கப்போர்டு கதவை ஓரம் சிதறாமல் அறுப்பது எப்படி?

மதுரையில் திருநகர், அவனியாபுரம் பக்கம் பல வீடுகளில் பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். தரை அரை அங்குலம் உயர்ந்ததும் அடுப்படி மேடைக்கு அடியில் இருக்கும் கதவுகள் இடிக்க ஆரம்பிக்கும். கீழ் ஓரத்தை அறுத்துத்தான் ஆக வேண்டும்.

உள்ளே இருக்கும் பிளைவுட் லேசாக அறுபட்டுவிடும். மேலே ஒட்டிய மைக்காதான் படுத்தும். சுமார் 1 மி.மீ. கனம், கண்ணாடி மாதிரி நொறுங்கும். பிளேடின் பல் மைக்காவைப் பலகையோடு சேர்த்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது. பலகையை விட்டு வெளியே தள்ளினால் தாங்க ஆளில்லாமல் சிதறிவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் மெஷினின் பல் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதைத்தான்.

கையில் பிடிக்கும் சர்குலர் சாவில் (வட்ட பிளேடு சுழலும் மெஷின்) பல் கீழிருந்து மேலே வரும். ஜிக்சாவின் (குச்சி பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கும் மெஷின்) சாதாரண பிளேடும் அப்படித்தான். இரண்டுக்கும் கதவின் வெளி முகத்தைக் கீழே கவிழ்த்துப் போடுங்கள். கை ரம்பம் என்றால் நேர்மாறு: தள்ளும்போது பல் கீழ்நோக்கி அறுப்பதால் வெளி முகம் மேலே இருக்க வேண்டும்.

ஆசாரிகள் பலர் 4 அங்குல மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி அறுப்பார்கள். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். அதில் பிளேடின் கீழ்ப்பகுதி எப்போதும் திறந்தே இருக்கும். சர்குலர் சாவில் கீழ்மூடி தானாக வந்து மூடிக்கொள்ளும். 7 அங்குல மெஷினுக்கு 60 பல் உள்ள கார்பைடு பிளேடு கேட்டு வாங்குங்கள். 24 பல் பிளேடு வேகமாக அறுக்கும், ஆனால் மைக்காவைப் பிய்த்துவிடும்.

கதவைக் கழற்றி, கீல்களையும் எடுத்துவிடுங்கள். தரைக்கும் கதவுக்கும் 5 மி.மீ. இடைவெளி வருமாறு அளந்து, மூலைமட்டம் வைத்து நான்கு பக்கமும் கோட்டைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேல் மறுபடி கோடு போடுங்கள். வேலையை நிழலில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் டேப் காய்ந்தால் பசை மைக்காவிலேயே தங்கிவிடும்.

அடுத்த வேலையில் அவசரம் கூடாது. இரும்பு ஸ்கேலைக் கோட்டில் அழுத்திப் பிடித்து, புது கட்டர் பிளேடால் கீறுங்கள். முதல் கீறல் லேசாக, வெறும் தடம் பதியும் அளவுக்கு. அதே தடத்தில் நாலைந்து முறை போனால், வழவழவென்று ஓடிய கத்தி திடீரென்று மரத்தில் பிடிப்பது கையில் தெரியும். மைக்கா அறுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு முகத்திலும், பக்க ஓரங்களில் ஒட்டிய பட்டையிலும் (எட்ஜ் பேண்ட்) இதைச் செய்யுங்கள்.

கதவுக்கு அடியில் ஒரு பழைய பிளைவுட்டைப் போட்டு, இரண்டையும் கிளாம்ப் மாட்டி இறுக்குங்கள். மெஷின் அடித்தட்டின் ஓரம் உரசி ஓட, நேரான ஒரு பட்டையையும் கிளாம்ப் பண்ணுங்கள். பட்டையை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்குத் துண்டுப் பலகையில் ஒருமுறை அறுத்து அளந்துகொள்ளுங்கள். பிளேடு கீறலை உரசியபடி, அறுத்து எறியப்போகும் பக்கத்தில்தான் ஓட வேண்டும். கதவு முடியும் இடத்தில் ஒரு துண்டுக் கட்டையை ஒட்டி வைத்தால் கடைசி மூலை பிய்யாது.

கண்ணாடியும் மாஸ்கும் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு மாட்டும்போதும் ஆழம் வைக்கும்போதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். முதல் ஓட்டம் 2 மி.மீ. ஆழம் போதும். இரண்டாவதில் கதவைத் தாண்டி அடிப்பலகையில் 3 மி.மீ. இறங்கட்டும். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே மரத்தில் தொட்டு, ஒரே சீராகத் தள்ளுங்கள்.

ஓரம் சொரசொரப்பாக இருந்தால் பொடி அரத்தை மைக்காவிலிருந்து மரத்தை நோக்கி மட்டும் தள்ளுங்கள். திருப்பி இழுத்தால் கடைசியில் சிதறிவிடும். வீடு துடைக்கும் தண்ணீர் முதலில் தொடுவது இந்தக் கீழ் ஓரத்தைத்தான். அதனால் எட்ஜ் பேண்ட் ஒட்டுங்கள், அல்லது இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, அப்புறம் கதவை மாட்டுங்கள்.