கூடுதல் தெரிந்தால் பொது உறுப்பு

ஒரு தொடர்வரிசையின் முதல் ந உறுப்புகளின் கூடுதல் 3ந² + 2ந என்று கொடுத்திருக்கிறார்களா? ந இருக்கும் இடத்தில் ந − 1 போட்டு, வருவதை அதிலிருந்து கழியுங்கள். பொது உறுப்பு (அதாவது ந-ஆவது உறுப்பு) 6ந − 1 கிடைத்துவிடும். உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.

குறுவை அறுவடையில் நெல் கொள்முதல் நிலையத்தில் போடும் கணக்குதான் இது: இன்றுவரை எடைபோட்ட மூட்டையில் நேற்றுவரை போட்டதைக் கழித்தால் இன்றைய மூட்டை.

ஆனால் முதல் நாளுக்கு 'நேற்று' கிடையாது. கூடுதல் 3ந² + 2ந + 4 என்றிருந்தால், கழிக்கும்போது அந்த 4 அடிபட்டுப் போகும் (சீசனுக்கு முன்பே கிடந்த 4 மூட்டை மாதிரி). 6ந − 1 முதல் உறுப்பை 5 என்று காட்டும். உண்மையில் அது 9. அப்போது முதல் உறுப்பைத் தனியாக எழுதிவிட்டு, 6ந − 1ஐ இரண்டாவதிலிருந்து மட்டும் பயன்படுத்துங்கள்.