வாரம் ஒருநாள் ஏடிஸ் வேட்டை: கொசுப்புழுவைத் தேடி ஒழிக்கும் முறை

டெங்கு என்றதும் புகை மருந்து அடிக்கச் சொல்லித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். புகை, அந்த நேரத்தில் அதன்மேல் படுகிற முதிர்கொசுவை மட்டுமே கொல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளிலும் ஒதுங்கியிருக்கும். தொட்டியில் நெளியும் புழுவுக்குப் புகையால் ஒன்றும் ஆகாது. அதனால் தண்ணீரில்தான் கைவைக்க வேண்டும்.

முதலில் ஒரு கிழமையைக் குறியுங்கள்

வெயில் காலத்தில் முட்டை பொரித்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். வாரம் ஒருமுறை தவறாமல் பார்த்தால் அந்தச் சுழற்சி நடுவிலேயே அறுந்துவிடும். 'நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்' என்றால் ஒரு வாரம் கைநழுவும். ஒரு தலைமுறை கொசு பறந்துவிடும்.

தேவையானவை

டார்ச் லைட், வெள்ளை நிறக் கிண்ணம், நீள்கைப்பிடிக் கரண்டி, முரட்டு பிரஷ், சோப்புத்தூள், குறிப்பேடு. கிண்ணம் வெள்ளையாக இருப்பது முக்கியம். இளம்புழு மிகச் சிறியது, வேறு நிறத்தில் கண்ணுக்குப் படாது.

தேடுவது எப்படி

தொட்டியை நெருங்கும்போது நிழல் தண்ணீரில் விழாதபடி நில்லுங்கள். நிழலோ அதிர்வோ பட்டதும் புழுக்கள் அடியில் மூழ்கிவிடும். 'ஒன்றும் இல்லை' என்று பலர் ஏமாறுவது இதனால்தான். மூழ்கிவிட்டால் சில நிமிடம் அசையாமல் காத்திருங்கள், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். ஓரமாக மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள்.

தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, பாம்புபோல் நெளிந்து நீந்தினால் ஏடிஸ் என்று சந்தேகிக்கலாம். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அது மலேரியா பரப்பும் அனோபிலிஸ் வகை. கால்புள்ளி வடிவில் சுருண்டு துள்ளுவது கூட்டுப்புழு. அது எதையும் தின்னாது என்பதால் புழுக்கொல்லி அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. கூட்டுப்புழு தெரிந்தால் தண்ணீரை அன்றைக்கே கொட்டுங்கள்.

குடம், டிரம், தொட்டி எல்லாருக்கும் நினைவிருக்கும். விட்டுப்போகிற இடங்கள் வேறு: ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, கூரை நீர்வடிகால், பயன்படுத்தாத கழிப்பறை, தண்ணீர் மீட்டர் குழி, பழைய டயர், மூடிய தார்ப்பாயின் மடிப்பு. பூந்தொட்டித் தட்டை விளிம்புவரை மணலால் நிரப்பிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இது. ஏடிஸ், முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் ஒட்டிவைக்கும். கறுப்புத் துகள் போன்ற அந்த முட்டைகள் தண்ணீர் வற்றிய பிறகும் பல மாதம் உயிரோடிருக்கும். மறுபடி நிரப்பியதும் பொரித்துவிடும். தொட்டியைக் காலிசெய்து கழுவாமல் நிரப்பியவர்கள், 'நேற்றுத்தானே கொட்டினோம்' என்று குழம்புவது இதனால்தான்.

நீர்க்கறை படிந்த வளையத்தையும் அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தையும் சோப்புத்தூள் போட்டு அழுத்தித் தேயுங்கள். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல், காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்தினால் அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். பிறகு இடைவெளி இல்லாமல் மூடுங்கள். மூடி இல்லையென்றால் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டலாம். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் கட்டியதற்குப் பயனில்லை.

காலிசெய்ய முடியாத தொட்டிக்கு

சுகாதாரத் துறை ஒப்புதலோடு டெமிபாஸ் என்ற புழுக்கொல்லியின் 1 சதவீத மணல் குருணையைப் போடலாம். அளவு: 100 லிட்டருக்கு 10 கிராம். அப்போதிருக்கும் தண்ணீருக்கு இல்லாமல் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்குக் கணக்கிடுங்கள். வட்டத் தொட்டிக்கு ஆரம் × ஆரம் × 3.14 × உயரம், எல்லாம் மீட்டரில். வருவதை 1000ஆல் பெருக்கினால் லிட்டர். 1 மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் உயரம் என்றால் 942 லிட்டர், ஏறக்குறைய 94 கிராம். கண்மதிப்பில் அள்ளிப் போடாதீர்கள். குறைந்தால் தப்பிப் பிழைக்கும் புழுக்களின் வழியாக எதிர்ப்புச் சக்தி வளரும். கூடினால் குடிநீருக்கான வரம்பைத் தாண்டும். தினமும் நிறைய இறைக்கும் தொட்டியில் மருந்தின் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும்.

தெருவாகச் சேர்ந்து செய்தால்

நம் வீட்டை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, பக்கத்து வீட்டுக் கொசு எளிதாக வந்து சேரும். குறிப்பேட்டில் பார்த்த வீடுகள், புழு இருந்த வீடுகள், புழு இருந்த பாத்திரங்கள் என மூன்று எண்களை எழுதுங்கள். 50 வீட்டில் 6 வீட்டில் புழு என்றால் 100 வீட்டுக்கு 12. இது வீட்டுக் குறியீடு. அந்த வீடுகளில் புழு இருந்த பாத்திரங்கள் 9 என்றால் 100 வீட்டுக்கு 18. இது பிரெட்டோ குறியீடு. வாரந்தோறும் இவை இறங்குகின்றனவா என்று பாருங்கள்.

பூட்டிய வீடுகளைப் 'புழு இல்லை' கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றைத் தனியாகக் குறித்து, சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அதே வாரத்துக்குள் திரும்பிப் போய்ப் பாருங்கள்.