கிளாஸ் மீட்டரில் பவுடர் கோட்டிங்கைச் சோதிப்பது எப்படி?

கிளாஸ் மீட்டர் என்பது பூச்சின் பளபளப்பை (gloss) அளக்கும் கருவி. பவுடர் கோட்டிங் என்பது பொடியாகத் தூவி ஓவனில் சுட்டெடுக்கும் பெயின்ட். ஓவனிலிருந்து இறங்கிய பேனல் நன்றாக ஆறட்டும். மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே பேனலைச் சாய்த்துப் பிடித்தால் லைட்டின் பிம்பம் கோடாக விழும். கோட்டின் விளிம்பு நேராக இருந்தால் சரி. நெளிந்தால் ஆரஞ்சு பீல், அதாவது ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம். நடுவில் ஊசிமுனை அளவு குழி தெரிந்தால் பின்ஹோல். நேர் மேலிருந்து பார்த்தால் இவை கண்ணில் படுவது சிரமம். கட்டட அலுமினியத்துக்கான குவாலிகோட் விதியும் சுமார் 60 டிகிரி சாய்வில், 3 மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்கிறது.

நிறத்தை மட்டும் டியூப் லைட்டை நம்பி ஒப்பிடாதீர்கள். அதற்குப் பகல் வெளிச்சம் போன்ற ஒளி தரும் டி65 லைட் பெட்டி வேண்டும்.

அப்புறம் மீட்டர். பேனலில் ஒளி விழும் கோணத்தை 60 டிகிரியில் வைத்துத் தொடங்குங்கள். பளபளப்பு 70 யூனிட்டுக்கு மேல் காட்டினால் 20 டிகிரியில் அளங்கள், 10க்குக் கீழே என்றால் 85 டிகிரியில். செமி கிளாஸ் (நடுத்தரப் பளபளப்பு) வேலைதான் அதிகம் என்றால் 60 டிகிரி மட்டும் உள்ள மீட்டரே போதும். மிச்சப் பணத்தை லைட் பெட்டியில் போடுங்கள்.

நான் சறுக்கியது காலிபரேஷனில், அதாவது மதிப்புத் தெரிந்த டைலில் வைத்து மீட்டரைச் சரிசெய்வதில். வாடிக்கையாளர் கேட்ட பளபளப்பு 60 யூனிட், கூடக் குறைய 5. எங்களிடம் 57, 58 காட்டிய பேனல்கள் அவரிடம் 52 காட்டித் திரும்பி வந்தன. பவுடரை மாற்றினோம், ஓவன் சூட்டைப் பார்த்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் காலிபரேஷனுக்காக மீட்டரோடு வந்த கறுப்புக் கண்ணாடி டைலை வெளிச்சத்தில் சாய்த்தேன். நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை.

கறை படிந்த டைல் குறைவான ஒளியைத் திருப்புகிறது. மீட்டர் அந்தக் குறைந்த ஒளியையே டைலின் முழு மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. அதன்பின் எந்தப் பேனலை வைத்தாலும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். அதனால் டைலை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். லென்ஸ் துடைக்கும் துணியால் துடையுங்கள். வேஸ்ட் துணி கீறிவிடும். மதிப்புத் தெரிந்த ஒரு பேனலைத் தனியே வைத்துக்கொண்டு, காலிபரேஷன் முடிந்ததும் அதை அளந்து பாருங்கள். எண் ஒத்துவந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பின்சேர்க்கை: பைப்பை எப்படி அளப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வளைந்த பரப்பில் மீட்டர் பதிந்து உட்காராது, வெளி வெளிச்சமும் உள்ளே புகும். பைப்போடு ஒரு தட்டையான தகட்டையும் தொங்கவிட்டுப் பூசி, அதை அளவெடுங்கள். தகட்டின் கனம் பைப்பின் கனத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும். மெல்லிய தகடு சீக்கிரம் சூடேறி, பைப்பு வேகும் முன்பே வெந்துவிடும்.