ஓட்டுப் போடச் சொல்லப் போய் நாங்கள் சொதப்பிய இடங்கள்

மணலியில் ஒரு சின்ன இன்ஜினியரிங் ஒர்க்‌ஷாப்பில் டைம் ஆபீஸ் வேலை எனக்கு. தேர்தல் வந்தால் "நம்ம ஆளுங்க ஒருத்தர் விடாம ஓட்டுப் போடணும்பா" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போய்விடுவார், நடத்துகிற வேலை என் தலையில் விழும். நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்தோடு நாங்கள் செய்த தப்புகள் கொஞ்சநஞ்சமில்லை, உங்கள் கம்பெனியிலும் இதே திட்டம் இருந்தால் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் தப்பு கரை வேட்டி. பட்டியலில் பெயர் சேர்க்க கேன்டீனில் மேசை போட்டோம், உதவிக்கு ஸ்டோர் கீப்பரை உட்காரச் சொன்னோம், அவர் அன்றைக்கென்று பார்த்து கட்சிக் கரை வேட்டியில் வந்துவிட்டார். ஒரு வார்த்தைகூட கட்சி பேசவில்லை மனுஷன். ஆனாலும் மதியம் வரைக்கும் வந்தது நாலே பேர். மறுநாள் கேன்டீன் அக்காவின் மகளை, காலேஜ் படிக்கிற பெண், அதே நாற்காலியில் உட்கார வைத்தோம், வரிசை வாசல் வரை வந்தது. உட்கார்ந்திருப்பது யார், சுவரில் எந்தத் தலைவரின் காலண்டர் தொங்குகிறது, வாட்ஸ்அப்பில் வந்த "வாக்களிப்பீர்" படத்துக்கு என்ன கலரில் பார்டர் என்று எங்கள் ஏரியா ஆட்கள் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அடுத்தது மை வைத்த விரல். விரலைக் காட்டினால் ஒரு டிபன் பாக்ஸ் என்று ஒரு வருஷம் அறிவித்தோம். பெயிண்டிங் செக்‌ஷன் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், நீங்களும் டோக்கன் குடுக்குறீங்களா?" பணப் பட்டுவாடா புகாரில் 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது, அது நடந்த தொகுதி இங்கிருந்து எட்டும் தூரம், அவர் கேட்காமல் என்ன செய்வார். அதைவிட மோசம், பட்டியலில் பெயர் விடுபட்டதால் பூத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர் அன்றைக்கு முழுக்கக் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். ஓட்டுப் போடாமல் இருப்பதும் அவரவர் விருப்பம், காரணம் கேட்க நாம் யார்? யாருக்குப் போட்டீர்கள் என்று விளையாட்டுக்குக்கூட கேட்காதீர்கள். அதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவே சொல்கிறது.

விடுமுறை விஷயத்தில்தான் நிறைய முதலாளிகள் கணக்குப் பார்க்கிறார்கள். "ரெண்டு மணி நேரம் பர்மிஷன் எடுத்துக்கோ" என்பது சலுகை மாதிரி கேட்கும், ஆனால் அதே சட்டத்தின் 135பி பிரிவு ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் உண்டு. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் என்கிற வேலைக்கு மட்டும் விலக்கு. மீறினால் அபராதம் 500 ரூபாய் வரை, ஒரு ஹெல்பரின் ஒருநாள் கூலிகூட அதைவிட அதிகம், அந்தத் தைரியத்தில்தான் பலர் விளையாடுகிறார்கள். நாங்கள் கோட்டை விட்டது கான்ட்ராக்டர் ஆட்களை. எங்கள் மஸ்டர் ரோலில், அதாவது கம்பெனி வருகைப் பதிவேட்டில், இருப்பவர்களுக்கு லீவு, லோடு இறக்குகிறவர்களுக்கு வேலை என்று ஒரே கேட்டுக்குள் ரெண்டு நியாயம் நடந்தது. அப்புறம், ஒடிசா, பீகார் தம்பிகளின் ஊரில் தேர்தல் நடக்கும்போதும் அந்த ஒருநாள் சம்பளம் அவர்களுக்கு உண்டு. ரயிலில் போய்வர ஆகும் நாட்களுக்கு லீவு கொடுப்பது உங்கள் மனசைப் பொறுத்தது.

இப்போது பேப்பர் வேலை. நான் நேரடியாக மாட்டிக்கொள்ளப் பார்த்தது இதில்தான். எங்களிடம் ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் அக்காவுக்கு கொருக்குப்பேட்டையில் கால்வாய் ஓரம் வீடு. அதைக் காலி செய்து பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள், வேலை மட்டும் இங்கேயே, விடியற்காலையில் கிளம்பி பஸ் மாறி மாறி வருகிறார். நான் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து படிவம் 6ஐ எடுத்து அவருக்காக நிரப்பிக்கொண்டிருந்தேன். "எனக்குத்தான் பழைய கார்டு கீதே தம்பி" என்று அவர் பர்ஸைத் திறந்த பிறகுதான் உறைத்தது. படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்க்கிறவர்களுக்கு, வேறெங்கும் என் பெயர் இல்லை என்று அதில் உறுதிமொழி தரவேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. வீடு மாறியவருக்கு வேண்டியது படிவம் 8. வடசென்னையில் இப்படி இடம்பெயர்ந்தவர்கள் எத்தனையோ பேர், ஆகவே மேசையில் முதல் கேள்வியே "ஏற்கெனவே கார்டு இருக்கா?" என்பதாக இருக்கட்டும்.

எல்லார் ஆதாரையும் வாங்கி மொத்தமாக ஆபீஸிலிருந்தே போட்டுவிடலாம் என்கிற யோசனையும் வேண்டாம். அவரவர் போனில், அவரவர் ஓடிபியில், அவரவர் வீட்டு முகவரியில் போடட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினால் போதும். ஒரிஜினல் கார்டை வாங்கி பீரோவில் வைக்கவே வைக்காதீர்கள். இதையெல்லாம் தேர்தல் அறிவித்த பிறகு அவசரமாகத் தொடங்குவதும் தப்பு, வேட்புமனுவுக்குக் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கு யார் பெயரையும் சேர்க்க முடியாது. சந்தேகம் வந்தால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போடுங்கள்.

டீக்கடைகளில் இருக்குமே, "இங்கு அரசியல் பேசாதீர்" போர்டு, எங்கள் மேனேஜர் அதைக் கேன்டீனில் மாட்டினார். ஒரு வாரம் எல்லாரும் சாம்பாரைப் பற்றி மட்டும் பேசினார்கள். தொழிலாளிகள் தங்களுக்குள் பேசுவதால் ஒன்றும் கெட்டுவிடாது, சம்பளம் போடுகிறவர் அந்தப் பேச்சில் வந்து உட்காராமல் இருந்தால் சரி. போர்டைக் கழற்றியாயிற்று.

தேர்தல் இல்லாத நாட்களில் தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் என்று மாநகராட்சிக்கு 1913இல் புகார் சொல்லக் கற்றுக்கொடுக்கலாம், ஏரியா மக்கள் உட்கார்ந்து குறைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடலாம். கவுன்சிலரைக் கம்பெனிக்கே கூப்பிட்டு சால்வை போர்த்தி போட்டோ எடுத்தோம் ஒருமுறை. அந்தப் போட்டோ அன்று சாயங்காலமே அவர் கட்சி குரூப்பில் சுற்றியது, எங்கள் ஸ்டோர் கீப்பர்தான் கொண்டுவந்து காட்டினார், அதே கரை வேட்டியில்.